ரோடு அடைச்ச வாரத்துல எங்க கேஸ் ஏஜென்சி: 5க்கு 3 ஸ்டார், காரணத்தோட

கோத்தகிரில நான் ஒரு சின்ன மெஸ் நடத்துறேங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்குற தூரம்தான், காலைல டிபன், மத்தியானம் ஒரு 60, 70 சாப்பாடு போகும். வீட்டுக்கு 14.2 கிலோ சிலிண்டர், மெஸ்சுக்கு 19 கிலோ, ரெண்டுமே ஒரே ஏஜென்சி, பதினோரு வருஷமா அவங்ககிட்டதான். ஏஜென்சி பேரு போடல. அங்க வேலை பாக்குறவங்க எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க, அவங்க மேல எனக்கு கோவம் கெடையாது, அதுவும் போக நான் சொல்லப்போற குறை எந்த மலை ஊர்லயும் எந்த ஏஜென்சிலயும் இருக்கலாம், அதனால படிக்கறவங்க அவங்கவங்க ஏஜென்சிய நெனச்சு படிங்க.

மொதல்ல நல்லத சொல்லிர்றேன். சாதாரண நாள்ல சர்வீஸ் அருமை. போன்ல புக் பண்ணா மூணாவது நாள் வந்துரும், ஓடிபி கேப்பாங்க, சொன்னா எறக்கிட்டு போவாங்க. டெலிவரி பண்ற அண்ணன் எங்க தெருவுக்கு எட்டு வருஷமா அவரேதான் வர்றாரு, எங்க வீடு ரோட்டுல இருந்து 42 படி எறங்கணும், மழைல பாசி புடிச்ச படி, ஒரு நாள் கூட மொகம் சுளிச்சதில்ல. நான் கேக்காமயே தராசுல மாட்டி காட்டுவாரு. சிலிண்டர் மேல அதோட வெறும் எடை அடிச்சிருக்கும், உதாரணத்துக்கு 15.3னு இருந்தா அதோட 14.2 சேத்து 29.5 வரணும், அந்த முள்ளு அங்க நிக்கிற வரைக்கும் கைய எடுக்க மாட்டாரு. அப்பறம் சீல உரிச்சு, வால்வுக்குள்ள ரப்பர் வளையம் இருக்கான்னு விரல விட்டு பாத்து, சோப்பு தண்ணி ஒரு சொட்டு விட்டு குமிழி வருதான்னு குனிஞ்சு பாப்பாரு. கைப்பிடிக்கு கீழ பட்டைல ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் இருக்கும் பாருங்க, ஏ, பி, சி, டி, அது அந்த வருஷத்தோட எந்த காலாண்டு வரைக்கும் டெஸ்ட் செல்லும்ங்கறது, அத எனக்கு சொல்லிக்குடுத்ததே இவருதான். தேதி போன சிலிண்டர் ஒண்ணு ஒரு தடவ வண்டில வந்துருச்சு, அவரே பாத்துட்டு திருப்பி ஏத்திட்டு போயிட்டாரு. இதுக்கெல்லாம் முழு 5.

குளிர் பத்தியும் ஒரு வார்த்தை, கீழ இருந்து இங்க வந்து கடை போடறவங்களுக்கு உதவும். மார்கழி, தை மாசத்துல விடியக்காலைல தீ எறங்கிரும், கேஸ் கம்மியா போட்டு குடுத்துட்டாங்கன்னு ஏஜென்சிய திட்டாதீங்க. சிலிண்டருக்குள்ள இருக்கறது தண்ணி மாதிரி திரவம், அது ஆவியானாதான் அடுப்புக்கு வரும், ஆவியாக சுத்தி இருக்கற சூட்ட இழுக்கும். அதுல இருக்கற புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிக்கும், ஆனா பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரிலதான் கொதிக்கும், நம்ம ஊரு காலைல 6, 7 டிகிரி இருக்கறப்ப அது ரொம்ப சோம்பலாதான் கெளம்பும். பெரிய பர்னர் ரெண்டையும் ஒண்ணா திறந்து வச்சு இட்லி சட்டியும் சாம்பாரும் ஏத்தினா சிலிண்டர் அடிவயிறு வேர்த்து, அப்பறம் வெள்ளையா ஐஸ் படியும், தொட்டா விரல் ஒட்டும். ஏஜென்சி மெக்கானிக் வந்து பாத்துட்டு ரெண்டு 19 கிலோ சிலிண்டர ஒரே பைப்ல ஜோடியா இணைச்சு குடுத்தாரு, இழுப்பு ரெண்டுக்கும் பிரிஞ்சுபோச்சு, அதுக்கப்பறம் அந்த தொல்ல இல்ல. சுடுதண்ணிய சிலிண்டர் மேல ஊத்தறது, பக்கத்துல கரி அடுப்பு வைக்கறது இதெல்லாம் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

சரி, மூணு ஸ்டார் ஏன்னு கேட்டா, போன ஐப்பசி மழை.

ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு, மேட்டுப்பாளையம் ரோட்டுல குஞ்சப்பனைக்கு மேல மண்ணு சரிஞ்சு ரோடு பாதி போச்சு. பொக்லைன் வந்து பைக், கார் போற அளவுக்கு வழி பண்ணிட்டாங்க ஆனா கனரக வண்டிக்கு ஆறு நாள் அனுமதி இல்ல. எங்க ஏஜென்சி லோடு லாரி மேட்டுப்பாளையத்துல இருந்து அந்த ஒரே ரோட்டுலதான் ஏறும். மொத நாள் ஏஜென்சிக்கு போன் பண்ணேன், நாளைக்கு வந்துரும்னாங்க. ரெண்டாவது நாளும் நாளைக்கு. மூணாவது நாள் போனே எடுக்கல, நேர்ல குடோனுக்கு போனா கேட்டு பூட்டிருக்கு, வெளில காலி சிலிண்டரோட இருவது பேர் நிக்கிறாங்க, அதுல ஒருத்தங்க கைக்கொழந்தையோட, கொடைய சிலிண்டருக்கு புடிக்கறதா கொழந்தைக்கு புடிக்கறதான்னு தெரியாம நனைஞ்சிட்டு நிக்கிறாங்க. அதே நேரத்துல கோடநாடு பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு நாலு கமர்ஷியல் சிலிண்டர் அன்னைக்கு காலைல போயிருக்கு, வண்டில போனத பாத்தவங்க அங்கயே நின்னுட்டு இருந்தாங்க.

என் மெஸ்ல அன்னைக்கு மத்தியானம் கேஸ் தீந்துச்சு. பின்னாடி விறகு அடுப்பு மூட்டினேன், சில்வர் ஓக் கட்டையும் புடுங்கி போட்ட தேயிலை வேரும், எல்லாம் ஈரம், பொகையில கண்ணு தெரியல, சாம்பாரும் மேராக்கா (சவ்சவ்) கூட்டும் மட்டும் வச்சு 25 சாப்பாடோட நிறுத்திட்டேன். என்கிட்ட வேலை பாக்குற அக்காவுக்கு ஏற்கெனவே வீசிங் இருக்கு, சாயந்தரம் ஆஸ்பத்திரி கூட்டிட்டு போய் நெபுலைசர் வச்சோம். இதத்தான் என்னால இன்னும் மறக்க முடியல. நஷ்டம் கூட போகட்டும்.

அன்னைக்கு ராத்திரி என் தம்பி வாட்ஸ்அப்ல கூப்பிட்டான். அவன் ஸ்லோவாக்கியாவுல நித்ராங்கற ஊர்ல ஒரு குடோன்ல வேலைக்கு இருக்கான், மூணு வருஷமாச்சு. நான் பொலம்புனத கேட்டுட்டு, அக்கா, இங்க ஒரு நாட்டுக்கே இப்படி ஆயிருக்கு, எங்க ஷிப்ட்ல ஒரு பெரியவரு கத கதயா சொல்லுவாருன்னான். அவன் சொன்னத வச்சு அப்பறம் நானும் ஒவ்வொண்ணா தேடி படிச்சேன், படிக்க படிக்க எங்க குடோன் வாசல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஸ்லோவாக்கியாவுக்கு கடல் கெடையாது. போலந்து, செக், ஆஸ்திரியா, ஹங்கேரி, உக்ரைன்னு சுத்தி அஞ்சு நாடு, நடுவுல 54 லட்சம் சனம். அங்க வர்றது நம்ம மாதிரி சிலிண்டர் எல்பிஜி இல்ல, மீத்தேன், இயற்கை எரிவாயு, பூமிக்கடியில பெரிய குழாய்ல வரும். சமையலுக்கு மட்டும் இல்ல, பனிக்காலத்துல நெறைய வீட்ட சூடாக்கறதே அதுலதான். கடல் இருக்கற நாடுன்னா அந்த வாயுவ மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வச்சு திரவமாக்கி கப்பல்ல யார்கிட்ட இருந்தும் எறக்கிக்கலாம், கடல் இல்லாதவன் அடுத்தவன் துறைமுகத்துல எறக்கி அடுத்தவன் குழாய் வழியா கொண்டாரணும். சோவியத் காலத்துல 1967ல இருந்து கிழக்க இருந்து குழாய் வந்துச்சு, அதுக்கு சகோதரத்துவம்னு பேரு. உக்ரைன தாண்டி வெல்கே கபுஷானிங்கற எல்லை ஊர்ல நுழைஞ்சு, நாட்டுக்குள்ளயே குறுக்க ஓடி, மேற்க ஆஸ்திரியாவுக்கும் செக்குக்கும் போகும். வழில வாயுவ அழுத்தி தள்ளறதுக்கு நாலு எடத்துல கம்ப்ரசர் ஸ்டேஷன், அதுல ஒண்ணு என் தம்பி இருக்கற நித்ராவுக்கு பக்கத்துலயே இவன்காங்கற ஊர்ல இருக்கு.

2009 ஜனவரி. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் காசு தகராறு, 7ஆம் தேதி உக்ரைன் வழியா ஐரோப்பாவுக்கு போற வாயு முழுசா நின்னுபோச்சு. அந்த மாசம் 1ஆம் தேதிதான் ஸ்லோவாக்கியா யூரோ காசுக்கு மாறியிருக்கு, சனங்க புதுக் காசயே இன்னும் எண்ணி பழகல. நாட்டுக்கு வேண்டிய வாயு கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒரே குழாய்ல, ஒரே ஆள்கிட்ட இருந்துதான். 6ஆம் தேதியே எமர்ஜென்சி அறிவிச்சுட்டாங்க, கார் பேக்டரி எல்லாம் நின்னுச்சு, வீடும் ஆஸ்பத்திரியும் குளிர்ல சாகக்கூடாதுன்னு பெரிய கம்பெனிகளுக்கு வர்ற வாயுவ வெட்டுனாங்க. தம்பியோட ஷிப்ட் பெரியவரு அப்ப ஒரு பேக்டரில இருந்தவரு, ரெண்டு வாரம் வீட்லயே உக்காந்திருந்தாராம், ஆனா வீடு சூடா இருந்துச்சாம். ஐரோப்பிய யூனியன்ல சேர்றதுக்காக 2008 டிசம்பர் 31 அன்னைக்கு மூடின பொகுனிட்சே அணு உலைய மறுபடி ஓட்டலாம்னு அரசாங்கம் முடிவெடுத்துச்சுன்னா எவ்ளோ நெருக்கடின்னு பாத்துக்கங்க, அப்பறம் 20ஆம் தேதி வாயு திரும்ப வந்ததால ஓட்டாம விட்டாங்க.

இதுல என்னய உலுக்குன விஷயம் ஒண்ணு. அந்த ரெண்டு வாரமும் மேற்க பக்கத்துல வாயு இருந்துச்சுங்க! ஜெர்மனில இருந்துச்சு, செக்ல இருந்துச்சு. குழாயும் இருந்துச்சு. ஆனா அந்த குழாய், கம்ப்ரசர் எல்லாமே கிழக்க இருந்து மேற்க தள்ளறதுக்கு மட்டும்தான் கட்டிருக்காங்க, திருப்பி தள்ள யாரும் ஏற்பாடே பண்ணல, ஏன்னா நாப்பது வருஷமா அதுக்கு தேவையே வரல. அவசர அவசரமா வேலை பாத்து செக் பக்கத்துல இருந்து வாயுவ எதிர்திசைல கொண்டுவர 18ஆம் தேதி ஆயிருச்சு, அதுக்குள்ள பதினோரு நாள் போச்சு.

இத கேட்டப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு. எங்களுக்கும் அதேதானே ஆச்சு. மேட்டுப்பாளையம் கோத்தகிரி ரோடுதான் அடைச்சுச்சு, பர்லியாறு வழியா குன்னூர் ரோடு திறந்துதான் இருந்துச்சு, காய்கறி லாரி, பால் வண்டி எல்லாம் குன்னூர் ஏறி சுத்திட்டு கோத்தகிரிக்கு வந்துட்டுதான் இருந்துச்சு, நானே அந்த லாரில வந்த வெங்காயம் வாங்கினேன். கேஸ் லாரி மட்டும் வரல. ஆறாவது நாள் ஏஜென்சில கேட்டேன், ஏங்க குன்னூர் சுத்தி கொண்டாரலன்னு. டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்ட்டுல இந்த ரோடுதான் இருக்கு, கிலோமீட்டர் கூடுனா யாரு காசு குடுக்கறதுன்னு முடிவாகல, கீழ சிலிண்டர் நெரப்பற பிளான்ட்டுக்கு மெயில் போட்டோம், பதில் வர நாலு நாள் ஆச்சுன்னாங்க. வழி இருந்துச்சு, வண்டி இருந்துச்சு, அத திருப்பி விடறதுக்கு முன்கூட்டியே ஒரு பேச்சு இல்ல. ரெண்டு ஸ்டார் கொறைச்சதுல ஒரு முழு ஸ்டார் இதுக்குத்தான்.

ஸ்லோவாக்கியாக்காரங்க அந்த அடிய மறக்கல. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள செக் எல்லை லன்ஷோட்லயும் ஆஸ்திரியா பக்கம் பௌம்கார்ட்டன்லயும் வாயு எதிர்திசைல வர்ற மாதிரி கம்ப்ரசர் ஸ்டேஷன் குழாய மாத்தி அமைச்சாங்க. ஹங்கேரியோட 2015ல ஒரு புது குழாய், போலந்தோட 2022ல இன்னொண்ணு. நடுவுல 2014ல இன்னொரு ஆச்சரியம், ஓரமா கெடந்த ஒரு பழைய குழாய சரிபண்ணி ஸ்லோவாக்கியாவே உக்ரைனுக்கு வாயு அனுப்ப ஆரம்பிச்சுச்சு, வாங்குனவன் குடுக்கற எடத்துக்கு வந்துட்டான். அப்பறம் 2025 ஜனவரி 1, ரஷ்யா உக்ரைன் அஞ்சு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சு அந்த பழைய வழி மொத்தமா நின்னுச்சு. 2009ல ரெண்டு வாரம் அடைச்சதுக்கே நாடு ஆடிப்போச்சு, இந்த தடவ நிரந்தரமா அடைச்சும் ஒரு வீட்டுலயும் ரூம் ஹீட்டர் அணையல. தம்பி அந்த புத்தாண்டுல அங்கதான் இருந்தான், அவனுக்கு செய்தி பாத்துதான் தெரியுமாம்.

நான் இத மூடி மறைக்காம சொல்லணும், அங்க எல்லாம் சுமுகம்னு இல்ல. அவங்க பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ 2024 டிசம்பர்ல மாஸ்கோவுக்கே போயி புடின பாத்தாரு, அடுத்தவங்க நாட்டுக்கு வாயு கடத்திவிட்டு வந்த காசு போகுதேன்னு சண்டை, சுத்தி வர்ற வாயுவுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் குழாய் வாடகை குடுக்கணும், வெலை ஏறும். 2025 பிப்ரவரில இருந்து ரஷ்ய வாயுவே கருங்கடலுக்கு அடில துருக்கி போயி, பல்கேரியா, செர்பியா, ஹங்கேரின்னு தெக்க சுத்தி ஸ்லோவாக்கியாவுக்கு வந்துச்சு, வழி மாறுச்சு, ஆள் மாறல. அதயும் 2027க்குள்ள நிறுத்தணும்னு ஐரோப்பிய யூனியன் சொல்ல, ஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் எதுத்தாங்க. ரெண்டாவது வழிக்கு காசு ஆகும், யாரு குடுக்கறதுன்னு அடிச்சுக்கத்தான் செய்வாங்க. ஆனா அந்த அடிதடிய ஏ.சி ரூம்ல வச்சுக்கிட்டாங்க, சனங்கள வாசல்ல மழைல நிக்க வைக்கல. எங்க ஏஜென்சியும் பிளான்ட்டும் கிலோமீட்டர் காசுக்கு பேசறத சித்திரைலயே பேசி முடிச்சிருக்கலாம்ல?

அப்பறம் இருப்பு. ஸ்லோவாக்கியாவுல மேற்க லாப்ங்கற ஊர் பக்கம் பூமிக்கடியில வாயு சேத்து வைக்கறாங்க. நான் மொதல்ல பெரிய டேங்க்குன்னு நெனச்சேன், இல்ல, முன்னாடி வாயு எடுத்து காலியான பாறை, ஸ்பாஞ்சு மாதிரி துளை துளையா இருக்கற மணற்பாறை, அதுக்குள்ள கோடைல அழுத்தி ஏத்திட்டு பனிக்காலத்துல எடுக்கறாங்க. 2022ல ஐரோப்பிய யூனியன் சட்டமே போட்டுச்சு, அந்த வருஷம் நவம்பர் 1க்குள்ள 80 சதவீதம் நெரப்பணும், அடுத்த வருஷத்துல இருந்து 90ன்னு. எங்க ஏஜென்சி குடோனுக்கும் இவ்ளோ கிலோதான் வைக்கலாம்னு லைசென்ஸ் உண்டு, பாதுகாப்புக்காக, அத மீற சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா அந்த அளவயாவது மழைக்கு முன்னாடி நெரப்பி வைக்கலாமே. ஐப்பசி மொத வாரம் குடோன்ல பாதிதான் இருந்துச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, தீபாவளி லோடு பின்னாடி வரும்னு விட்டுட்டாங்களாம். ஐப்பசி கார்த்திகைல நீலகிரில மண்ணு சரியும்னு இங்க பொறந்த கொழந்தைக்கு தெரியும். ஸ்லோவாக்கியா தவிச்ச அதே 2009, நவம்பர்ல நம்ம மாவட்டத்துல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை, 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க, ரோடும் மலை ரயில் பாதையும் எத்தன எடத்துல அறுந்துச்சு, அத பாத்தவங்க நாம.

ஆஸ்திரியாவுல இன்னொரு பாடம் இருக்கு, அதுவும் கடல் இல்லாத நாடுதான். அங்க ஹைடாக்னு ஒரு எடத்துல பெரிய நிலத்தடி சேமிப்பு, ஆஸ்திரியா மண்ணுக்குள்ள. ஆனா ரொம்ப வருஷம் அதோட குழாய் ஜெர்மனிப் பக்கத்தோட மட்டும்தான் இணைஞ்சிருந்துச்சு, அதுல ஒரு பங்கு ரஷ்யாவோட காஸ்ப்ரோம் கம்பெனி கைல, 2021ல அத அவங்க நெரப்பாமயே விட்டாங்க. 2022ல ஆஸ்திரியா முழிச்சுக்கிட்டு அந்த பங்க புடுங்கிட்டு, உள்நாட்டு குழாயோடயும் இணைக்கணும்னு சட்டம் போட்டுச்சு. நம்ம ஊருக்குள்ள குடோன் இருக்கறதும் நமக்கு சரக்கு இருக்கறதும் வேற வேறங்கறது எனக்கு அங்கதான் புரிஞ்சுச்சு. அந்த மூணாவது நாள் எங்க குடோன்ல ஒண்ணுமே இல்லன்னு இல்ல, 19 கிலோ கொஞ்சம் இருந்துச்சு, அதுதான் ரிசார்ட்டுக்கு போச்சு.

இதுதான் ரெண்டாவது ஸ்டார் போன எடம். யாருக்கு மொதல்ல? ஐரோப்பாவுல இதுக்கு எழுத்துல விதி இருக்கு. 2009 அடிக்கு அப்பறம் 2010ல ஒரு சட்டம், 2017ல அதுக்கு பதிலா இன்னொண்ணு. பாதுகாக்கப்பட்ட வாடிக்கையாளர்னு ஒரு பட்டியல், அதுல மொதல்ல வீடுங்க, அப்பறம் ஒவ்வொரு நாடும் வேணும்னா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரி எடங்கள சேத்துக்கலாம், கடுங்குளிர் ஏழு நாள்லயும் பெரிய வழி ஒண்ணு அடைச்ச முப்பது நாள்லயும் இவங்களுக்கு வாயு போயே ஆகணும், அதுக்கு மத்தவங்களுக்கு வெட்டுனாலும் சரி. பக்கத்து நாட்டுக்காரன் வீடு குளிர்ல கெடந்தா அவனுக்கும் குடுக்கணும்னு கூட இருக்கு. இன்னொரு கணக்கும் போட சொல்றாங்க, நாட்டுக்கு வாயு வர்ற வழிலயே பெருசு எதுவோ அத அடைச்சுட்டதா வச்சுக்க, இருவது வருஷத்துல ஒரு தடவ வர்ற மாதிரி குளிர் நாள்னு வச்சுக்க, மீதி வழியும் இருப்பும் சேந்து அன்னைக்கு போதுமான்னு எண்ணிப் பாரு. எவ்ளோ எளிமையான கேள்வி பாருங்க. குஞ்சப்பனை அடைச்சா என்ன பண்ணுவோம், அவ்ளோதான்.

நான் கமர்ஷியல் கஸ்டமர். இந்த விதி மாதிரி பாத்தா என் மெஸ் வீடுங்களுக்கு பின்னாடி நிக்க வேண்டியதுதான், நிக்கறேன், எனக்கு அதுல வருத்தம் இல்ல. வீட்டு சிலிண்டர் வேற, கடை சிலிண்டர் வேறங்கறதால ரிசார்ட்டுக்கு குடுக்கலன்னா கூட அந்த கைக்கொழந்தைக்காரங்களுக்கு 14.2 கெடைச்சிருக்காதுன்னு ஏஜென்சில சொன்னாங்க, அதுவும் நெசம்தான். ஆனா ஆறு நாள்ல ஒரே ஒரு தடவ ஒரு மினி டெம்போல சின்ன லோடு மேல வந்துச்சு, அதுலயும் பாதி கமர்ஷியல். கொண்டார எடமே முப்பது சிலிண்டருக்குன்னா அதுல என்ன ஏத்தறதுங்கறதுதான் வரிசை. அங்கன்வாடி, ஆஸ்பத்திரி கேன்டீன், வயசானவங்க தனியா இருக்கற வீடு, கைக்கொழந்தை வீடு, அப்பறம் மீதி வீடு, அப்பறம் எங்கள மாதிரி கடை, அதுக்கப்பறம் ரிசார்ட். இத ஒரு பேப்பர்ல எழுதி கேட்டுல ஒட்டியிருந்தா இருவது பேர் நனைஞ்சிருக்க மாட்டோம். அதோட "நாளைக்கு வந்துரும்"ங்கற பொய்யி. இல்லைன்னு சொல்லிருந்தா நான் மொத நாளே பக்கத்து கடைக்காரர்கிட்ட இண்டக்‌ஷன் அடுப்பு எரவல் வாங்கியிருப்பேன், விறக உள்ள எடுத்து காய வச்சிருப்பேன், அந்த அக்கா பொகைல நின்னுருக்க வேணாம்.

மழை நின்னதும் நாங்க தெருக்காரங்க ஏழு பேர் சேந்து ஏஜென்சி மேனேஜர பாத்தோம். சண்டை போடல. மனுஷன் பொறுமையா கேட்டாரு, அத சொல்லியாகணும். மூணு கேட்டோம்: குன்னூர் வழி லோடுக்கு மழைக்கு முன்னாடியே பிளான்ட்டுல எழுத்து வாங்கி வைங்க, புரட்டாசி கடைசிக்குள்ள குடோன லைசென்ஸ் அளவுக்கு நெரப்புங்க, தினமும் காலைல இருப்பு எவ்ளோன்னு கேட்டுல ஒரு போர்டு மாட்டி சாக்பீஸ்ல எழுதுங்க. மூணாவத மறுநாளே ஆரம்பிச்சுட்டாங்க, இப்பவும் எழுதறாங்க, நேத்து கூட பாத்தேன், வீடு 112, கடை 31னு இருந்துச்சு. ரெண்டாவதுக்கு சரின்னாங்க. மொதலாவதுக்கு இன்னும் பதில் இல்ல, அது பிளான்ட் கைல இருக்காம்.

என் பங்குக்கு நானும் மாத்திக்கிட்டேன். முன்னாடி மெஸ்ல ரெண்டு ஓடும், ஸ்பேர் ஒண்ணுதான், இப்ப ரெண்டு ஓடும், ரெண்டு வெளிய கூண்டுக்குள்ள ஸ்பேர், மொத்தம் நாலு, 76 கிலோ. லைசென்ஸ் இல்லாம 100 கிலோ வரைக்கும் வச்சுக்கலாம்ங்கறதால அதுக்குள்ளதான், கூண்டு காத்தோட்டமா, அடுப்புல இருந்து தள்ளி, நிமித்தி வச்ச நெலைல. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தங்கும், அதனால பள்ளத்துலயோ சாக்கடை பக்கத்துலயோ வைக்காதீங்க. கசிவு வாசம் வந்தா 1906க்கு போன் போடுங்க, ராத்திரின்னாலும். ஒரு இண்டக்‌ஷன் வாங்கி வச்சிருக்கேன், ஆனா மழைல கரண்டும் சேந்து போகும், அத மட்டும் நம்பி இருக்க முடியாது. சமையல் வெந்நீருக்கு சோலார் போட கொட்டேஷன் கேட்டிருக்கேன், நம்ம ஊரு மூடுபனிக்கு எவ்ளோ தாங்கும்னு போட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

புதுசா கனெக்‌ஷன் எடுக்கறவங்க என்கிட்ட கேட்டா, இந்த ஏஜென்சிய எடுங்கன்னுதான் சொல்லுவேன். எடைல ஏமாத்த மாட்டாங்க, டெலிவரி அண்ணன் தங்கம், மெக்கானிக் கூப்பிட்டா வருவாரு. ஆனா சேரும்போதே கவுண்டர்ல ரெண்டு கேள்வி கேளுங்க, உங்க லோடு எந்த ரோட்டுல வருது, அந்த ரோடு அடைச்சா எந்த ரோட்டுல வரும். ரெண்டாவதுக்கு பதில் வந்துச்சுன்னா எனக்கும் சொல்லுங்க, அன்னைக்கே நாலாவது ஸ்டார போட்டுர்றேன். வர்ற கார்த்திகை முடிஞ்சதும் மறுபடி எழுதறேன்.